பகலில் வரும் கோபத்துக்கு இரவில் காரணம் இருக்கலாம்

ஒரு பெண் பூப்பெய்தினால் நம் பகுதியில் ஊருக்கே தெரியும். தாய்மாமன் சீர் கொண்டுவருவார். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாள் தவறாமல் கொடுக்கப்படும். பந்தல் போட்டு, அழைப்பிதழ் அச்சடித்து மஞ்சள் நீராட்டு நடத்துவோரும் உண்டு. அவளே பின்னாளில் கருவுற்றால் வளைகாப்பு. பிள்ளை பெற்றால் தாய்வீடு, பத்தியம், ஓய்வு. பெண்ணுடலின் ஒவ்வொரு திருப்பத்தையும் குடும்பம் முழுவதும் கவனித்துத் தாங்குவதற்கு நம் முன்னோர் ஏதோ ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தனர். மாதவிடாய் முற்றிலும் நிற்கும் காலத்துக்கு மட்டும் நம்மிடம் சடங்கும் இல்லை, பத்தியமும் இல்லை, ஓய்வும் இல்லை. "நின்னு போச்சுக்கா" என்று அக்காளிடமோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடமோ தாழ்ந்த குரலில் ஒரு சொல், அவ்வளவே. வீட்டு ஆண்களின் காதுக்கு அதுவும் எட்டுவதில்லை.

ஆனால் வேறொன்று எட்டுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பொறுமைக்குப் பெயர் பெற்றிருந்தவர் எரிந்து விழுகிறார். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு காட்சியைக் கண்டு அழுகிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது என்கிறார். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் புறப்படச் சொன்னால், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு எதுவும் பிடிக்கலை" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். குடும்பத்தார் குழம்புகின்றனர். சிலர் கோபிக்கின்றனர், சிலர் ஒதுங்கிப் போகின்றனர். இக்கட்டுரை அக்குடும்பத்தாருக்காக எழுதப்படுகிறது: கணவருக்கு, மகனுக்கு, மகளுக்கு, மருமகளுக்கு.

மாங்கனித் திருவிழா நாளன்று ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஆனிப் பௌர்ணமி, புழுக்கம். காரைக்கால் அம்மையாரின் வரலாற்றை நினைவுகூரும் இத்திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனிகளை வீசுவதைக் காண வெளியூர் உறவினர் வந்து வீடு நிறைந்திருக்கிறது. வீட்டுத் தலைவிக்கு வயது 47. முன்னிரவு உறங்கச் சென்றவர் மூன்று முறை விழித்தார். ஒவ்வொரு முறையும் மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறி, இரவிக்கை நனையும் அளவுக்கு வியர்த்து, சில நிமிடங்களில் அதே உடல் குளிர்ந்து நடுங்கியது. கடைசியாக மூன்று மணிக்கு விழித்தவர் பிறகு உறங்கவே இல்லை. ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்துப் பன்னிரண்டு பேருக்கு இட்டிலி அவித்தார். நண்பகலில், "சாம்பாருல உப்பே இல்லையேம்மா" என்றான் மகன். கரண்டி தரையில் விழுந்து சிதறியது. அவர் கொல்லைப்புறம் சென்று அழுதார். "அண்ணிக்கு என்ன ஆச்சு?" என்று கூடத்தில் ஒரு கிசுகிசுப்பு. "வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்கிட்டா" என்றார் கணவர்.

கரண்டி விழுந்ததை அந்த வீட்டில் அனைவரும் கண்டனர். இரவு மூன்று மணியை ஒருவரும் காணவில்லை. நாம் சொல்ல வேண்டிய முதற்செய்தி இதுவே. உங்கள் வீட்டுப் பெண்ணின் பகற்கோபம் உங்களைத் துன்புறுத்தினால், முதலில் அவரது இரவைக் குறித்து விசாரியுங்கள்.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரு இயக்குநீர்களும் நாற்பதுகளின் நடுவில் குறையத் தொடங்குகின்றன. அவை ஒரே சீராகக் குறைவதில்லை என்பதே இதில் முக்கியம். காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு இதனை விளக்குவது எளிது. நம் வாய்க்காலுக்கு வரும் நீர் ஒரு வாரம் கரை புரளும். மறுவாரம் சேறு தெரியும். முற்றிலும் வற்றுவதற்கு முன் அது பலமுறை வந்து வந்து போகும். பயிரை வாட்டுவது வறட்சி மட்டுமன்று, அந்த நிலையின்மையும்தான். ஈஸ்ட்ரோஜனும் அவ்வாறே சில மாதங்கள் மிகுந்தும் சில மாதங்கள் அடிமட்டத்துக்கு இறங்கியும் அலைபாய்கிறது. மூளையில் மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரோட்டோனின் போன்ற வேதிப்பொருள்களின் செயற்பாடு ஈஸ்ட்ரோஜனோடு தொடர்புடையது. உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியும் அதனைச் சார்ந்திருக்கிறது. ஆகவே, மாதவிடாய் நின்ற பின்னர் இருப்பதைவிட, நிற்பதற்கு முன்னுள்ள தடுமாற்ற ஆண்டுகளில்தான் பலருக்கு மனக்கொந்தளிப்பு மிகுதி. "இன்னும் மாதாமாதம் வருகிறதே, இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிலக்கு வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. உலக அளவில் பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நிகழ்கிறது. இந்தியப் பெண்களின் சராசரி 46 அல்லது 47. மேலைநாட்டினரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே. அதாவது நம் வீடுகளில் மகளுக்கு வரன் பார்க்கும் ஆண்டு, மகன் வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் ஆண்டு, மாமியார் படுக்கையில் விழும் ஆண்டு என்று எல்லாம் ஒன்றாக வந்து சேரும் வயது அது.

எவ்வளவு காலம் நீடிக்கும்? இக்கேள்விக்கு அமெரிக்காவில் பல இனப் பெண்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வு ஒரு விடை தருகிறது. அடிக்கடி அனலேற்றமும் இரவு வியர்வையும் கண்ட பெண்களில் பாதிப் பேருக்கு அவை 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தன என்று 2015-இல் வெளியான அதன் முடிவு கூறியது. திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இந்த எண்ணைக் கேட்டவுடன் ஏழரைச் சனி நினைவுக்கு வருவது இயற்கை. நள தீர்த்தத்தில் நீராடித் திரும்பும் பக்தர்களிடம் ஒன்றைக் காணலாம்: காலம் கடினமானது என்று ஏற்றுக்கொண்ட குடும்பம் ஒருவரையொருவர் குறை கூறுவதைக் குறைத்துக்கொள்கிறது. அந்த மனப்பான்மையை மட்டும் இங்கும் கொண்டுவரலாம். மற்றபடி இதற்குக் கோள் காரணமன்று. காற்று கருப்பும் காரணமன்று. வேண்டுதல் செய்வதை எவரும் தடுக்கவில்லை. மந்திரிப்பதற்காக மருத்துவரைக் காண்பது மாதக்கணக்கில் தள்ளிப்போகக் கூடாது என்பதே எங்கள் கவலை.

இடையில் ஒரு சிறு செய்தி. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்களில் 'மெனோபோஸ்' என்ற சொல் காதில் விழுந்திருக்கும். அச்சொல்லை உலகுக்குத் தந்தவரே த கார்தான் என்னும் பிரெஞ்சு மருத்துவர்தாம். 1821-இல் வெளிவந்த தமது நூலில் அதனைப் பயன்படுத்தினார். ஆங்கிலேயரிடமிருந்து காரைக்கால் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து அப்போது நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்நூலின் தலைப்பிலேயே இப்பருவத்தைப் பெண்களின் 'நெருக்கடி வயது' என்றும் அவர் குறித்தார். இரு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் நெருக்கடி என்ற அச்சம் போகவில்லை. ஆயினும் எல்லாருக்கும் இது நெருக்கடியன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பலர் பெரிய துன்பமின்றி இதனைக் கடக்கின்றனர். மாதந்தோறும் விலகியிருக்கும் கட்டுப்பாடு நீங்கியதைப் பெரும் விடுதலையாகக் கருதுவோரும் நம்மிடையே பலர்.

நம்புதலும் இரவைக் காத்தலும்

துணை நிற்க விரும்புவோர் பெரும்பாலும் அறிவுரையில் தொடங்குகின்றனர். "நடைப்பயிற்சி போ, மனசைத் தைரியமா வெச்சுக்கோ, எல்லாப் பெண்களுக்கும் வர்றதுதானே" என்கின்றனர். இவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் உறக்கமற்றவரின் செவியில் இவை அனைத்தும் ஒரே பொருளைத்தான் தருகின்றன: 'நீ சொல்வது பெரிய விஷயமன்று.' அதற்கு மாறாக, "நேத்து ராத்திரி எத்தனை தடவை முழிச்சே?" என்ற ஒரு கேள்வி வேறு வகையானது. அது அவர் சொல்வதை நம்பியதன் அடையாளம். கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருங்கள். தீர்வு சொல்ல அவசரப்பட வேண்டாம்.

அடுத்து அந்த இரவையே சிறிது மாற்றலாம். மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்கு இடம் விடுங்கள். கொசுவலை காற்றைத் தடுத்தால் சன்னலுக்கு வலை அடித்துவிட்டுக் கொசுவலையை எடுத்துவிடலாம். நைலக்ஸ் ஆடைக்குப் பதிலாகப் பருத்தி. தலைமாட்டில் ஒரு செம்பு நீர், மாற்று இரவிக்கை, ஒரு துண்டு. மாலை ஐந்து மணிக்கு மேல் காப்பியும் தேநீரும் வேண்டாம். இரவு உணவில் காரத்தைக் குறைத்துப் பாருங்கள். சிலருக்கு அதுவே அனலேற்றத்தைத் தூண்டுகிறது. இவற்றால் அனலேற்றம் நின்றுவிடாது. விழித்தவர் மீண்டும் உறங்குவதற்கு எடுக்கும் நேரம் குறையலாம். விடியற்காலை வேலையை வேறொருவர் ஏற்பதுதான் இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும். மூன்று மணிவரை விழித்திருந்தவருக்கு ஏழு மணிவரை உறங்கும் உரிமையை வாரத்தில் மூன்று நாளாவது கொடுங்கள். பால் வாங்குவதும் வாசல் தெளிப்பதும் பிள்ளைகளுக்கு டிபன் கட்டுவதும் மற்றவராலும் இயலும் செயல்களே.

"சொன்னாத்தானே செய்வோம்" என்று பிள்ளைகள் கூறுவதுண்டு. ஒவ்வொன்றையும் நினைவில் வைத்து, ஒவ்வொருவரிடமும் சொல்லி, செய்தார்களா என்று பார்ப்பதும் வேலைதான். மறதியும் கவனச்சிதறலும் கூடியுள்ள காலத்தில் அதுவே பெருஞ்சுமை. கேஸ் பதிவு செய்வது, பாட்டியின் மாத்திரை, மின்கட்டணத் தேதி ஆகியவற்றில் இரண்டையாவது அவர் நினைவூட்டத் தேவையின்றி முழுமையாக உங்கள் பொறுப்பாக்கிக்கொள்ளுங்கள். (இந்த மறதியைக் கண்டு "பாட்டி மாதிரி புத்தி மாறிடுமோ" என்று அஞ்சுவோர் பலர். இப்பருவத்தின் மறதி பெரும்பாலும் தற்காலிகமானது, முதுமறதி நோயன்று.)

இனி, சொல்லக் கூடாத ஒரு வாக்கியம். சண்டையின் நடுவில், "உனக்கு மெனோபாஸ், அதான் இப்படிக் கத்துறே" என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். இவ்விதழைப் படித்துவிட்டு இதில் உள்ளதையே ஆயுதமாக்கிவிடக் கூடும் என்ற அச்சம் எமக்கு உண்டு. இயக்குநீரின் அலைச்சல் பொறுமையின் அளவைக் குறைக்கிறது என்பது உண்மை. அப்பொறுமையால் இத்தனை ஆண்டுகள் மூடிவைக்கப்பட்டிருந்த குறைகளும் உண்மையானவையே. சம்பளக் கணக்கைத் தம்மிடம் சொல்லாதது, தாய்வீட்டாரை இகழ்ந்து பேசியது, நோயுற்றபோது ஒருவரும் கஞ்சி வைத்துத் தராதது என அவர் எடுத்துச் சொல்லும் பழைய கணக்குகளை நோயின் பிதற்றலாகத் தள்ளிவிட்டால் மருந்தினாலும் பயனில்லை. கோபம் தணிந்த வேளையில், வேறொரு நாள், "அன்னிக்கு நீ சொன்னது சரிதான்" என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். சொல்வது கடினம் என்பதை அறிவோம்.

கடற்கரையோரக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், வழக்கமாகக் கடலில் இருக்கும் விசைப்படகு மீனவர் வீட்டில் இருக்கிறார். வருமானம் நின்றிருக்கிறது, வெயிலும் உச்சத்தில். மனைவியின் மாற்றத்தை அவர் முதன்முதலாக அருகிலிருந்து காண்பதும் அப்போதுதான். 'நான் வீட்டிலிருப்பது இவளுக்குப் பிடிக்கவில்லை போலும்' என்று அவர் எண்ணுகிறார். மீன்கூடையுடன் சந்தையில் அமர்ந்து, வாடிக்கையாளர் முன் முகம் சிவந்து வியர்த்து அவமானப்பட்டு வந்தவர் அதைச் சொல்வதில்லை. பேசுவதற்கு அந்த 61 நாள் நல்ல வாய்ப்பு. அவற்றை மதுக்கடையில் கழிப்பவர்களுக்கு ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறோம்: குடி இருக்கும் வீட்டில் மேற்சொன்ன எதுவும் நிலைக்காது. அவ்வீட்டில் அவருக்கான துணை, கணவர் குடியை நிறுத்துவதில் தொடங்குகிறது. அதற்கும் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு.

தாம்பத்திய உறவு குறித்தும் ஒரு சொல். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு உலர்ந்து வலி உண்டாவது மிகப் பரவலான ஒன்று. வலிக்கு அஞ்சி மனைவி விலகுகிறார், கணவர் அதனை வெறுப்பென்று எடுத்துக்கொள்கிறார், இருவரும் பேசுவதில்லை. அவ்விடத்தில் இடும் களிம்புகளால் இது நன்கு குணமாகும். கேட்க வெட்கப்படும் நோயாளிகளுக்காகவே, மருத்துவர்கள் தாமாகவே இதுபற்றிக் கேட்பதும் உண்டு. வேறொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்: மாதவிலக்கு ஒழுங்கற்றுப் போனதும் கருத்தரிக்க இயலாது என்று எண்ணிவிட வேண்டாம். கருத்தடையை எப்போது நிறுத்தலாம் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.

இது வெறும் சிடுசிடுப்பு அன்று எனில்

மனச்சோர்வு நோயும் மனநிலை மாற்றமும் ஒன்றல்ல. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியில், இரண்டு வாரங்களுக்கு மேலாக ஒருவர் வாட்டமுற்றிருந்தால், முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டமே இல்லாதிருந்தால், உணவும் உறக்கமும் கெட்டு, தாம் எதற்கும் பயனற்றவர் என்று கருதினால், அதனை இப்பருவத்தின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. முன்பே மனச்சோர்வு கண்டவர்களுக்கும், மகப்பேற்றுக்குப் பின் மனநலம் பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்கும், மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் கடுமையான மனக்கலக்கம் கொண்டிருந்தவர்களுக்கும் இப்பருவத்தில் அது திரும்பும் வாய்ப்பு அதிகம். பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது. "நீங்க பிறந்தப்போ அம்மா எப்படி இருந்தாங்க?" என்று பாட்டியையோ பெரியம்மாவையோ கேட்டுப் பாருங்கள், மருத்துவருக்கு அவ்விடை மிகவும் உதவும்.

"நான் இருந்து என்ன ஆகப் போவுது", "நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்ற சொற்களைக் கேட்டால் அவற்றை மிரட்டல் என்றோ நாடகம் என்றோ தள்ளிவிட வேண்டாம். "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். அவ்வாறு கேட்பது எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு, அது உண்மையன்று. மாறாக, அடைபட்டது திறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். வயல்வீடுகளில் பூச்சிக்கொல்லியும் எலிமருந்தும், முதியோர் உள்ள வீடுகளில் மாத்திரைகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அவற்றை அன்றே அப்புறப்படுத்திப் பூட்டிவையுங்கள். அதே நாளில் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். துணை நிற்பவரும் தமக்காக அழைக்கலாம்.

மருத்துவரிடம் வரும்போது

உடன் வாருங்கள். புறநோயாளிப் பிரிவில் மகளிர் நலச் சீட்டு வாங்கும் வரிசையில் ஆண்கள் அபூர்வமாகவே நிற்கின்றனர். நிற்பவரை எவரும் நகைப்பதில்லை. வருவதற்கு முன் இரண்டு வாரங்கள் ஒரு பழைய நாட்காட்டியில் குறித்துவையுங்கள்: இரவில் எத்தனை முறை விழிப்பு, பகலில் எத்தனை முறை அனலேற்றம், எந்த நாள் மனம் மிகத் தாழ்ந்திருந்தது, கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி. மருத்துவரின் அறையில் சில நிமிடங்களே கிடைக்கும். அங்கு வந்ததும், "ஒண்ணும் இல்ல டாக்டர், கொஞ்சம் அசதி" என்று சொல்லிவிடும் தாய்மார்களே அதிகம். அப்போது நாட்காட்டி பேசும். ஆனால் அவருக்காக நீங்களே முழுவதும் பேசிவிட வேண்டாம், "நான் வெளியே இருக்கட்டுமா?" என்று ஒருமுறை கேளுங்கள்.

இரத்தசோகை, தைராய்டு கோளாறு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் சோதிக்கக் கூடும். அசதி, படபடப்பு, மனச்சோர்வு ஆகிய இவையெல்லாம் தைராய்டினாலும் வரும் என்பதால், வயதைப் பார்த்து எல்லாவற்றையும் மாதவிடாயின் தலையில் கட்டிவிடலாகாது. மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து மீண்டும் சிறிதளவேனும் உதிரம் பட்டால், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும் உடனே காட்டியாக வேண்டும். மனக்கொந்தளிப்பைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதனையும் சொல்வதற்குக் காரணம் உண்டு: இதனை மறைப்போர் பலர்.

சிகிச்சைகள் உள்ளன. இயக்குநீர்ச் சிகிச்சை என்றவுடன் புற்றுநோய் என்று அஞ்சுவோர் 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வின் எதிரொலியைத்தான் கேட்கின்றனர். அதில் பங்கேற்றோரின் சராசரி வயது 63. அறுபது வயதுக்கு உட்பட்டு, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்கினால், கடும் அனலேற்றத்தால் துன்புறுவோருக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்பது பிற்காலத் தெளிவு. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, கல்லீரல் நோய் போன்றவை இருந்தவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் உளவியல் ஆலோசனை, தாழ்ந்த மனநிலைக்கும் உறக்கமின்மைக்கும் உதவுகிறது. மருந்துக்கடையில் தாமாகவே தூக்க மாத்திரை வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கர்ப்பப்பை அறுவை செய்துகொண்டவர்களின் வீட்டார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்குச் சற்று அதிகமானோர் கர்ப்பப்பையை நீக்கிக்கொண்டவர்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டச் செல்லும் இளவயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இவ்வறுவைக்கு ஆளானது 2019-இல் நாடெங்கும் பேசப்பட்டது. அறுவையோடு சினைப்பைகளும் எடுக்கப்பட்டால், ஆண்டுக்கணக்கில் நிகழ வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகிறது. வாய்க்கால் வற்றவில்லை, மதகே அடைக்கப்பட்டது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இன்னும் ஏன் அழறா?" என்று கேட்கும் வீட்டார், சினைப்பைகள் எடுக்கப்பட்டனவா என்பதை விடுவிப்புச் சீட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொலைவில் இருப்போர்

நம் ஊரில் கணவரோ மகனோ பாரிஸிலும் துபாயிலும் இருக்க, பெரிய வீட்டில் தாயார் தனியாகவோ முதியவர் ஒருவருடனோ வாழ்வது புதிதன்று. பணம் தவறாமல் வரும். வாட்ஸ்அப்பில் நாள்தோறும் ஐந்து நிமிடப் பேச்சும் உண்டு; "சாப்பிட்டியா, மருந்து போட்டியா, பணம் வந்துச்சா" என்பதோடு அது முடியும். அம்மா என்று அழைத்தாலும் உம்மா என்று அழைத்தாலும் மறுமுனையில் வரும் விடை ஒன்றே: "நான் நல்லாத்தான் இருக்கேன், நீ உடம்பைப் பார்த்துக்கோ." அந்த விடையை அப்படியே நம்பிவிட வேண்டாம். பேச்சுக் குறைந்திருக்கிறதா, முன்பு சொல்லிக்கொண்டிருந்த தெருச்செய்திகளை இப்போது சொல்வதில்லையா, நிகழ்படத்தைத் தவிர்த்துக் குரலில் மட்டும் பேசுகிறாரா என்று கவனியுங்கள். உள்ளூரில் ஒருவரை, சகோதரியையோ அண்டை வீட்டாரையோ, வாரம் ஒருமுறை நேரில் சென்று பார்த்துவரக் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறையில் வரும்போது கடன்களையும் கட்டடவேலையையும் பார்ப்பதற்கு முன் அவருடன் ஒரு நாள் மருத்துவமனைக்கு வாருங்கள்.

நேர வேறுபாடும் இங்கு உதவிக்கு வருகிறது. காரைக்காலில் இரவு இரண்டு மணிக்கு அவர் வியர்த்து விழித்து அமர்ந்திருக்கும்போது, பாரிஸில் குளிர்காலத்தில் ஒன்பதரை, கோடைகாலத்தில் பத்தரை. துபாயில் பன்னிரண்டரை. பாரிஸில் உள்ளவர் அப்போதுதான் உணவை முடித்திருப்பார். "முழிப்பு வந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடும்மா, நான் கூப்பிடுறேன்" என்று சொல்லிவையுங்கள். அவர் அழைக்கும் இரவில் காரணம் கேட்க வேண்டாம், மருந்து பற்றியும் பேச வேண்டாம். அங்கே மழை பெய்கிறதா, என்ன சமைத்தீர்கள் என்று ஏதேனும் பேசிக்கொண்டிருங்கள், வியர்வை உலர்ந்து அவர் மீண்டும் படுக்கும் வரை.